கம்பெனி சொல்லாமலா இருக்கும்?

கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் பாலசமுத்திரத்தில் சில வீட்டு மாடிகளில் இன்னமும் லேப்டாப் ஓடுகிறது. எல்லாம் 2020 ஊரடங்கில் பெட்டியோடு ஊர் திரும்பிய பிள்ளைகள். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் கேட்டான்: "எங்க கம்பெனி சர்வரை ரான்சம்வேர்காரன் பூட்டிட்டான்னு வெளிய பேசிக்கிறாங்க. எங்களுக்கு மெயில் ஒண்ணும் வரல. அப்ப நம்ம ஆதார், பான் எல்லாம் பத்திரந்தானுங்களே அண்ணா?"

நம்பிக்கை: நம் விவரம் போயிருந்தால் கம்பெனி சொல்லியிருக்கும்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தால் சொல்லும். 1994இல் சென்னையில் பிறந்த காக்னிசன்ட், மேஸ் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) தன்னைத் தாக்கியதாக 2020 ஏப்ரல் 18 அன்று அறிவித்தது. அந்தக் காலாண்டில் 5 முதல் 7 கோடி டாலர் வரை வருமானம் அடிபடலாம் என்று முதலீட்டாளர்களுக்கு மே மாதமே கணக்குச் சொன்னது. ஏப்ரல் 9 முதல் 11 வரை கம்பெனியின் கணினிகளுக்குள் புகுந்திருந்த திருடர்கள் தகவலை எடுத்துப் போயிருக்கலாம், அதில் பெரும்பகுதி ஊழியர்களின் கம்பெனி கிரெடிட் கார்டு விவரம், சிலருடைய வரி எண், பாஸ்போர்ட் விவரமும் உண்டு என்ற முறையான கடிதங்கள் ஜூனில் வந்தன. ஓராண்டுக்கு இலவசக் கண்காணிப்புச் சேவையும் தந்தார்கள். விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பது நியாயம்தான்.

ஆனால் அந்தக் கடிதம் ஊரறிய வந்ததற்குக் காரணம் கலிஃபோர்னியாவின் சட்டம். அங்கே 500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டால் கடிதத்தின் மாதிரியை அரசிடம் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு நம் நாட்டில் இருந்ததோ 2011ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்பு விதிகள். பாதிக்கப்பட்ட ஆளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பேச்சே அவற்றில் இல்லை.

2022 முதல், தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனி அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். அது அரசுக்குப் போகிற தகவல், உங்களுக்கு அல்ல. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மறைத்தால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் இந்தக் கடமைக்கு 18 மாத அவகாசம்.

இந்தத் தாமதம் தகவல் கசிவுக்கு மட்டுமல்ல. எங்கள் மலைக்கு மேலேயும் ஒரு கசிவு உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு 2001இல் அம்பலமானது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு வந்தபோது 2016 ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் கசிந்தால் கணக்குத் தீர இவ்வளவு காலம்.

நம்பிக்கை: பூட்டைத் திறந்துவிட்டால் ஆபத்து நீங்கியது.

பழைய ரான்சம்வேர் பூட்டுவதோடு சரி. மேஸ் கும்பல் 2019 கடைசியில் வேறு வழியைப் பரப்பியது: முதலில் நகல், பிறகு பூட்டு, பணம் வராவிட்டால் நகலை வெளியிடுவது. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு, "சேவைகள் வழக்கம்போல் இயங்குகின்றன" என்று மெயில் வந்தாலும் நகல் அவர்களிடமே இருக்கிறது. பணம் கொடுத்தால் அழித்துவிடுவார்களாம். திருடன் எழுதிக்கொடுக்கும் ரசீது!

நம்பிக்கை: யாரோ ஓர் ஊழியர் கண்ட லிங்கைத் தட்டியதால்தான் வந்தது.

தட்டியதாலும் வரும். ஆனால் 2024 ஜூலையில், வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் தாக்கப்பட்டு ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் முடங்கியது. அதற்கு வழிவிட்டது வேறொரு நிறுவனத்தில் சரியாக அமைக்கப்படாத சர்வர் என்றது இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்செக்கின் ஆய்வு. கடைநிலை ஊழியரைக் கைகாட்டுவது மேலே இருப்பவர்களுக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

நம்பிக்கை: பாஸ்வேர்டை மாற்றினால் போதும்.

பிறந்த தேதியை எப்படி மாற்றுவீர்கள்? வேலையை விட்டுப் பல வருடம் ஆனவருடைய பி.எஃப்., சம்பளக் கணக்கும் பழைய கம்பெனியின் சர்வரில் இருக்கலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கினார்களா என்பதை சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கையில் பார்க்கலாம். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

தம்பி ஹெச்.ஆருக்கு எழுதினான்: என் விவரங்களில் எவை அந்த சர்வரில் இருந்தன, நகல் போனதா, எப்போது சொல்வீர்கள்? மறுநாளே பதில் வந்தது. உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். கூடவே ஓர் இணைப்பு: ஊழியர்களுக்கான பாஸ்வேர்டுப் பயிற்சி, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாயம் முடிக்க வேண்டும்.