'விமானியின் தவறு' போதுமா?

கேள்வி: மருத்துவ ஹெலிகாப்டர் விழுந்தால் 'விமானியின் தவறு' என்று விசாரணையை முடித்துவிடலாமா?
- வாசகர், குமாரபாளையம்

பதில்: கூடாது. 2025 மே 17 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸின் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் கேதார்நாத்தில் இறங்கும்போது வால்பகுதி உடைந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தனர். நமக்கு அருகே, 2021இல் குன்னூரில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததற்கு, திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையுணர்வு இழந்ததே காரணம் என்றது விசாரணை. அந்த நிலை ஏன் வந்தது என்ற அடுத்த கேள்விதான் அடுத்த உயிரைக் காக்கும். மருத்துவப் பயணத்தில் அவசரமே விமானியின் முடிவை அழுத்துகிறது. அதனால்தான் பல சேவைகளில் நோயாளியின் நிலையை விமானியிடம் சொல்வதில்லை. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை மருத்துவ ஹெலிகாப்டர்களுக்குக் கட்டாயமாக்கும் விதியை அமெரிக்கா 2014இல் கொண்டுவந்தது. தவறு செய்தவர் தப்பிவிடுவாரே என்பீர்கள். தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. விபத்து விசாரணையே பழிபோட இறங்கினால், உண்மையைச் சொல்ல யாரும் முன்வரமாட்டார்கள்.