பெற்றார் கையொப்பம்

தவணை முடிவில் மாணாக்கர் கையிற் கொடுக்கப்படும் தேர்ச்சி அறிக்கையிலே, பெற்றார் ஒப்பமிடுதற்கென ஓரிடம் விடப்பட்டிருக்கும். அவ்விடத்தை நிரப்புபவர் யாவர் என்பதை ஆசிரியராகிய நாம் ஊன்றி நோக்குவதில்லை.

இந்நாட்டில் 1945இல் வந்த இலவசக் கல்வித் திட்டம் கட்டணத்தை நீக்கிற்று. 1980 முதற் பாடநூல்களும், 1993 முதற் சீருடைத் துணியும் இலவசமாயின. ஆயினும், மாலையில் "இன்று என்ன படித்தாய்?" என வினவ ஒருவரை எச்சட்டமும் வழங்கவில்லை. கொட்டாஞ்சேனையிலே ஒற்றை அறையில் ஒடுங்கிய குடும்பங்களையும், போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு அமர்ந்தோரையும் நாம் அறிவோம். தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாயிருக்க, அம்மம்மாவின் நிழலில் வளரும் பிள்ளைகளும் உளர்.

ஹவாயைச் சேர்ந்த கவாய்த் தீவில் 1955இற் பிறந்த குழந்தைகளை எம்மி வேர்ணர் என்னும் அறிஞர் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பக் குழப்பமுஞ் சூழ வளர்ந்தவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நன்னிலை எய்தினர். அவர்க்குப் பற்றுக்கோடாயிருந்தவர் பெற்றாரேயாதல் வேண்டும் என்பதில்லை. பாட்டியாயினும் தமக்கையாயினும் ஒருவர் இருந்தனர். உறவே படிப்புக்குத் தடையாதலும் உண்டு. தம்பி தங்கையரைப் பார்க்கவென வீட்டில் நிறுத்தப்படும் மூத்த பெண்ணை எவ்வாசிரியர் அறியார்?

முன்னர் நாம் கற்பித்த பாடசாலையொன்றில், ஒன்பதாந்தர மாணாக்கன் ஒருவன் நாடோறும் பிந்தி வந்தான். "தந்தையை அழைத்து வா" என்றோம். மறுநாள் துணிக்கடையில் வேலைசெய்யும் அவன் தமக்கை அரைநாட் சம்பளத்தை இழந்து வந்து நின்றாள். பெற்றாரே வரவேண்டும் எனத் திருப்பியனுப்பினோம். அதன்பின் மூன்று கிழமை அவன் வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். தந்தை குடும்பத்தைக் கைவிட்டு நான்காண்டுகள் ஆகியிருந்தன. தமக்கை விடியலில் வேலைக்குப் புறப்பட, தம்பியை ஆரம்பப் பாடசாலையில் விட்டபின்னரே இவன் வரமுடியும். பையன் எம்மை நிமிர்ந்து நோக்கி, "அக்காவை மதிக்காத இடத்துக்கு நான் ஏன் சேர் வரவேணும்?" என்றான். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்றிருந்தும் அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

தமக்கையின் பெயரைப் பாதுகாவலர் எனப் பதிந்தோம். காலையிற் கால்மணி நேரம் பிந்திவரவும் அதிபரிடம் இசைவு பெற்றோம். அவன் திரும்பி வந்தான். சாதாரண தரத்திற் கணிதம் முதன்முறை கைகூடவில்லை, மறுமுறையே சித்தியெய்தினான். அடுத்த தவணை அறிக்கையில், விடப்பட்ட இடம் போதாமற் சற்றுப் பெரிதாகவே தமக்கையின் ஒப்பம் இருந்தது.