பொத்தான்களை யார் அடுக்குவது?

அன்புள்ள தங்கைக்கு,

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் மென்பொருளை எழுதத் தொடங்கிவிட்டாய் என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. கருவிப்பட்டையை வரையும் முன் மூன்றைப் பிரித்து வைத்துக்கொள்: பயனர் முடிவு செய்ய வேண்டியது, எங்கும் மாறக்கூடாதது, இயங்குதளத்தின் வழக்கப்படி நடக்க வேண்டியது.

எந்தப் பொத்தான் எங்கே இருக்கும் என்பது பயனரின் உரிமை. ஃபயர்ஃபாக்ஸின் முன்னோடியான பீனிக்ஸ் 0.1, 2002 செப்டம்பரில் வெளிவந்தபோதே கருவிப்பட்டையை மாற்றியமைக்கும் வசதியோடு வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2003 வரை பட்டைகளை விருப்பம்போல் அடுக்க முடிந்தது. 2007இல் ரிப்பன் வந்ததும் அந்தச் சுதந்திரம் மேலே இருந்த சிறிய விரைவுப் பட்டையோடு சுருங்கிப்போனது. ரிப்பனையே மாற்றியமைக்கும் வசதி அமைப்புகளில் இடம்பெற்றது 2010 பதிப்பில்தான்.

மாறக்கூடாதது கட்டளையின் பொருள். 'சேமி' என்பது மெனுப் பட்டியிலும் கருவிப்பட்டையிலும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும். அதனால் பொத்தானை அல்ல, கட்டளையை முதலில் எழுது. கியூட் நூலகத்தில் இதற்குக் கியூஆக்ஷன் இருக்கிறது. பெயர், சின்னம், குறுக்குவிசை எல்லாம் அந்த ஒன்றிலேயே அடங்கும். அதை முடக்கினால் பட்டியிலும் பட்டையிலும் ஒருசேர மங்கிவிடும்.

சின்னங்களுக்கும் இதே ஒழுங்கு தேவை. 2005இல் தொடங்கிய டாங்கோ திட்டம், வெவ்வேறு மென்பொருள்களின் சின்னங்கள் ஒரே பாணியில் அமைய வழிகாட்டு விதிகளை வகுத்தது. லினக்ஸ் உலகின் சின்னப் பெயரிடல் விதி, சேமிப்பதற்கு 'டாக்குமென்ட்-சேவ்' என்ற பொதுப் பெயரைத் தருகிறது. நிரல் அந்தப் பெயரைக் கேட்கும், படத்தைத் தருவது சின்னத் தொகுப்பின் வேலை. லிப்ரேஆஃபீஸில் கொலிப்ரே, பிரீஸ், எலிமென்டரி என்று தொகுப்பை மாற்றினால் படங்கள் மாறும், கட்டளைகள் அப்படியே இருக்கும்.

இனி இயங்குதளத்தின் பங்கு. விண்டோஸின் உரையாடல் பெட்டிகளில் 'சரி' இடப்பக்கமும் 'ரத்து' அதற்கு வலப்பக்கமும் நிற்கும். மேக்கில் 'சரி' வலக்கோடியில் நிற்கும். பழகிய விரல்கள் பார்க்காமலே அழுத்தும் இடம் இது. மூன்றிலும் ஒரே வரிசையைத் திணித்தால் யாராவது தவறாக அழுத்துவார்கள். ஒவ்வொரு பொத்தானும் என்ன வேலைக்கு என்று மட்டும் சொன்னால், இடத்தைக் கியூட்டே பார்த்துக்கொள்ளும். கன்ட்ரோல்+எஸ் என்று எழுதியதையும் மேக்கில் கமாண்ட்+எஸ் ஆக்கிவிடும்.

பலர் தவறவிடுவது பயனரின் அமைப்பைச் சேமிப்பதை. பயனர் அடுக்கிய பட்டை, மென்பொருளை மூடித் திறந்தபின்னும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கியூட் பட்டைகளின் இடத்தை நினைவில் வைக்க, ஒவ்வொன்றுக்கும் ஆப்ஜெக்ட்நேம் என்ற தனித்த அடையாளப் பெயர் தேவை. அதை மறந்தால் இடம் திரும்பக் கிடைக்காது. ஒவ்வொரு பட்டையிலும் எந்தெந்தப் பொத்தான்கள், எந்த வரிசையில் என்ற பட்டியலை நீயே தனியாகச் சேமித்து வை. 'பழைய அமைப்புக்குத் திரும்பு' என்ற பொத்தானும் கட்டாயம். அது இருந்தால்தான் புதியவர்கள் துணிந்து மாற்றிப் பார்ப்பார்கள்.

முதல் வேலையாகக் கட்டளைகளின் பட்டியலைத் தயார் செய். அவற்றுக்குத் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து, மென்பொருளைக் குறுகிய சாளரத்தில் மூன்று இயங்குதளங்களிலும் ஓட்டிப் பார். நீண்ட பெயர்கள் எங்கே வெட்டுப்படுகின்றன என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்