பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பாதீர்கள்: ஜெர்மனி செல்லும் முதுகலை மாணவர்களுக்கு ஆனி மாத ஆலோசனை

ஆனி பிறந்துவிட்டது. அட்மிஷன் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. சிலர் கையில் ஒன்று, சிலர் கையில் மூன்று. இன்னும் சிலர் ஜூலை 15 கடைசித் தேதி என்ற தெம்பில் இப்போதுதான் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபரில் குளிர்கால செமஸ்டர். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவெடுக்க உங்களிடம் மிச்சம் இருப்பது சில வாரங்கள்தான்.

போன வருடமும் இதே அறிவிப்புப் பலகையில் ஆலோசனை ஒட்டினேன். படித்தவர்கள் படித்தார்கள். படிக்காதவர்களில் சிலர் செப்டம்பர் கடைசியில் இரண்டு பெட்டியோடு போய் இறங்கி, வாட்ஸ்அப்பில் வந்த முகவரியைத் தேடிப் பிடித்து, அழைப்பு மணியை அழுத்தினார்கள். கதவைத் திறந்தவருக்கு அறை வாடகை பற்றி ஒன்றும் தெரியவில்லை. அனுப்பிய டெபாசிட் போனது போனதுதான். இங்கே வந்து அழுத பெற்றோருக்கு என்னால் தண்ணீர் கொடுக்க முடிந்தது, வேறொன்றும் செய்ய முடியவில்லை. அதனால் இந்த வருடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நடுவிலும் சொல்வேன்.

நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

இனி வழக்கமான வேலைகள். உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கையில் இருக்கிறதா பாருங்கள். 2022 நவம்பர் முதல், முதுகலைக்குப் போகும் இந்திய மாணவருக்கு அது இல்லாமல் விசா கிடையாது. இதுவரை அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை என்றால் இந்த அக்டோபரை மறந்துவிட்டு ஏப்ரல் செமஸ்டரைப் பாருங்கள். அதற்குப் பெரும்பாலும் ஜனவரி 15 கடைசி. யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போகிறவர்களுக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தது ஒவ்வொன்றும் 30 யூரோ. கட்டணம் போய்ச் சேராமல் விண்ணப்பம் நகராது. ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். அட்மிஷன் கடிதத்தில் இடத்தை ஏற்பதற்கான நாள் தனியாக இருக்கும். அது தாண்டினால் இடம் போய்விடும். அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கப் பொதுவாக அங்கே வழியில்லை, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். விசா நேரத்துக்கு இன்றே பதியுங்கள். 2025 ஜூலை 1 முதல் விசா மறுப்பை எதிர்த்து மறுபரிசீலனை மனு போடும் வழியை எடுத்துவிட்டார்கள். ஆவணத்தில் அலட்சியம் காட்டினால் புது விண்ணப்பம் போட வேண்டும், இல்லையென்றால் வழக்குப் போட வேண்டும். அதற்குள் செமஸ்டர் பாதி முடிந்திருக்கும்.

அடுத்து ஊர். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போடுவது 11,904 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகைதான். கட்டுகிற அன்று தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இது மாதம் 992 யூரோவாக உங்களுக்குத் திரும்பி வரும். பல வீடுகளில் கல்விக்கடன் கணக்கு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது, அரசே இவ்வளவு போதும் என்கிறதே என்று. அரசு சொல்வது நாட்டுக்கெல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் பிள்ளை குடியிருக்கப்போவது ஒரே ஓர் ஊரில்.

மியூனிக்கை எடுங்கள். பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கு 700, 800 யூரோ கேட்கிறார்கள். 750 என்று வைப்போம். மருத்துவக் காப்பீட்டுக்கு 150-ஐ ஒட்டிப் போகும். 992-இல் மிச்சம் 92 யூரோ. ஒரு மாதச் சாப்பாடு, போன், துணி, முதல் பனிக்காலத்துக்கு ஒரு நல்ல ஜாக்கெட் எல்லாம் அதற்குள். இதே கணக்கைக் கெம்னிட்ஸில் போட்டால் அறை 300-ஐ ஒட்டிக் கிடைக்கும், 500-க்கு மேல் கையில் நிற்கும். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஃப்ரைபுர்க், ஹைடல்பெர்க் ஆகியவை பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களிலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், 2017-18 குளிர்காலத்திலிருந்து. மாதக் கணக்கில் 250 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலத்திலிருந்து முதுகலைக்கு, படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்திருக்கிறது. கட்டண விலக்குக்கும் வழி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பித்துப் பாருங்கள், ஆனால் கிடைத்துவிட்டதாக நினைத்து வரவுசெலவு போடாதீர்கள். ‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்று இன்னும் பேருந்து நிழற்குடையில் விளம்பரம் ஒட்டுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

“பார்ட் டைம் பார்த்துச் சமாளிச்சுக்குவேன் சார்.” இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரமும் போவதில்லை. மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், உண்மைதான். யார் வேலை கொடுப்பார்கள்? ஜெர்மன் மொழி தெரியாதவருக்கு முதல் சில மாதங்களில் கிடைப்பது கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை, அதற்கும் போட்டி. முதல் ஆறு மாதத்துக்கு வேலை வருமானத்தைப் பூஜ்யம் என்று எழுதி, பிறகு கணக்குப் போடுங்கள். அப்போதும் ஊர் கட்டுப்படியானால் போங்கள்.

செய்தித்தாள் பார்த்தும் ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2022-இல் மாக்டபுர்க்கில் இன்டெல் பெரிய சிப் தொழிற்சாலை கட்டப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அதை நம்பி அந்த ஊரில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கக் கிளம்பினவர்கள் உண்டு. 2024-இல் தள்ளிவைத்தார்கள், 2025 ஜூலையில் கைவிட்டார்கள். அங்கே படிப்பு நல்ல படிப்புதான், அதில் குறையில்லை. ஆனால் இல்லாத தொழிற்சாலையைக் காட்டி வீட்டில் சம்மதம் வாங்கக்கூடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலைப் பாருங்கள். சிப் துறைக்கு ட்ரெஸ்டனில் இன்ஃபினியனும் குளோபல் ஃபவுண்ட்ரீஸும் பல வருடமாக இயங்குகின்றன. ஒளியியல் என்றால் யேனாவில் ட்ஸைஸ் இருக்கிறது. கார் என்றால் எல்லாரும் ஸ்டுட்கார்ட் என்கிறார்கள், பிரவுன்ஷ்வைக் பக்கத்தில்தான் ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்புர்க் இருப்பதைப் பார்ப்பதில்லை.

கடிதத்தில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள். சிரிக்காதீர்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஹைல்ப்ரோனில் ஒரு வளாகம் உண்டு. அது மியூனிக்கிலும் இல்லை, அந்த மாநிலத்திலேயே இல்லை. சாக்ஸனியில் 1765-இல் தொடங்கிய சுரங்கவியல் பல்கலைக்கழகம் இருப்பது ஃப்ரைபெர்க்கில். கருங்காட்டை ஒட்டிய ஃப்ரைபுர்க் வேறு. தவறான ஊரில் அறை தேடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை நானே நிறுத்தியிருக்கிறேன்.

பல்கலைக்கழகம் பற்றிச் சுருக்கமாக. தரவரிசையை மூடிவையுங்கள். ஒவ்வொரு படிப்புக்கும் பாடத்திட்டக் கையேடு ஒன்றை வெளியிட்டிருப்பார்கள். அதை இறக்கி, இரண்டாம் மூன்றாம் செமஸ்டரில் நீங்கள் விரும்பும் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறதா என்று பாருங்கள். முகப்புப் பக்கத்தில் ஆங்கிலம் என்றிருக்கும், விருப்பப் பாடங்களில் பாதி ஜெர்மனில் இருக்கும். தொழிலகத்தில் கைவேலை பழகத்தான் ஆசை என்றால் பயன்முறை அறிவியல் கல்லூரிகளை இளப்பமாக நினைக்காதீர்கள். ஆராய்ச்சிக்குப் போவதென்றால் பல்கலைக்கழகமே மேல். வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி மதிப்பிடும் அனாபின் தரவுத்தளத்தில், உங்களுக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே அங்கீகாரக் குறியான ‘எச் பிளஸ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இலவச ஆலோசனை தருகிறோம் என்கிற ஏஜென்சி ஏன் தனியார் கல்லூரியின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள். தனியார் கல்லூரி சேர்க்கைக்குக் கமிஷன் தருகிறது. அரசுப் பல்கலைக்கழகத்திடம் அவர்களுக்கு அந்த வரும்படி இல்லை. தனியாரிலும் ஒழுங்கானவை உண்டு. ஆனால் வகுப்புகளில் எத்தனை பங்கு நேரில் நடக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பகுதி இணையவழி என்று குடிவரவு அலுவலகம் கருதிவிட்டால் தங்கும் உரிமமே சிக்கலாகும். 2025-இல் பெர்லினில் இந்திய மாணவர்கள் பலர் இப்படி மாட்டிக்கொண்டு செய்தியானார்கள்.

இப்போது அறை. மறுபடியும் அறைதான்.

கோவை சிங்காநல்லூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனால் உங்கள் அப்பா என்ன செய்வார்? குழாயைத் திறந்து பார்ப்பார், ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா என்று கேட்பார், பக்கத்து வீட்டில் விசாரிப்பார், பிறகுதான் அட்வான்ஸ் பேச்சு. அதே அப்பா, கடல் கடந்த ஊரில் முகம் தெரியாத ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாயை ஒரே இரவில் அனுப்புகிறார். கேட்டால், “அவங்க பாஸ்போர்ட் காப்பி அனுப்பினாங்க சார்.” அது இன்னொரு ஏமாந்த பிள்ளையின் பாஸ்போர்ட்டாகக்கூட இருக்கும்! நீங்கள் அனுப்பிய நகலைக் காட்டி அடுத்தவரைப் பிடிப்பார்கள்.

ஏமாற்றுகிறவர்களின் கதை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. நகர மையத்தில் அழகான அறை, வாடகை மற்ற இடங்களில் பாதி. உரிமையாளர் இப்போது லண்டனிலோ வேறு எங்கோ வேலையில் இருப்பார். சாவியைக் கூரியரில் அனுப்புவார். பிரபலமான வாடகைத் தளம் போலவே ஒரு இணைப்பு வரும், பணம் அந்தத் தளத்திடம் பத்திரமாக இருக்கும் என்பார். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள், இன்று இரவுக்குள் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துவார். இதில் எது தெரிந்தாலும் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள்.

தமிழ் பேசுகிறார் என்பது சான்று ஆகாது. மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் ‘நம்ம பையன்தான்’ என்று அறையைக் கைமாற்றிவிடுகிறவர்களில் சிலருக்கு அதை விடும் உரிமையே இருக்காது. வீட்டு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்குப் போனால், குடியேறியதற்கான உறுதிக் கடிதம் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அந்தக் கடிதம் இல்லாமல் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு நடக்காது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது, தங்கும் உரிம வேலை நின்றுபோகும், பல வங்கிகள் கணக்குத் திறக்காது, பிளாக்டு அக்கவுண்டில் இருக்கும் உங்கள் சொந்தப் பணத்தை எடுக்கவே இழுபறியாகும். பணம் கொடுத்தால் பதிவுக்கு மட்டும் ஒரு முகவரி தருகிறேன் என்று ஒருவர் வருவார். அது சட்டவிரோதம், பக்கத்தில் போகாதீர்கள்.

டெபாசிட் பற்றிச் சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, அதுவும் ‘கால்ட்மீட்டே’ எனும் வெறும் வாடகையில், வெப்பமூட்டலும் தண்ணீரும் சேர்ந்த ‘வார்ம்மீட்டே’யில் அல்ல. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். சட்டமே நீங்கள் போய்ச் சேரும்வரை பொறுக்கச் சொல்லும்போது ஆடியிலேயே முழுத்தொகையும் கேட்கிறவர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் பார்க்க முடியாவிட்டால் அங்கே இருக்கும் சீனியர் போய்ப் பார்த்து, வீடியோவில் அந்தத் தெருவையும் கதவையும் அஞ்சல் பெட்டியில் இருக்கும் பெயரையும் காட்டட்டும். அதுவரை ஒரு யூரோகூட நகரக்கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? ஒவ்வொரு ஊரிலும் மாணவர் சேவை நிறுவனம் விடுதிகள் நடத்துகிறது. அட்மிஷன் வந்த எல்லா ஊரிலும் இந்த வாரமே பெயரைப் பதியுங்கள், எந்த ஊர் என்று முடிவெடுத்த பிறகு பதியலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரிய ஊர்களில் வரிசை செமஸ்டர் கணக்கில் நீளும். சில இடங்களில் இன்னும் அறை வேண்டுமா என்று அவ்வப்போது மின்னஞ்சல் வரும். பதில் சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். இந்த நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பி டெபாசிட் கேட்டால் கட்டலாம், வங்கிக் கணக்கை அவர்களுடைய தளத்தில் ஒப்பிட்ட பிறகு. பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கும் நான்கு வரியில் எழுதுங்கள்.

இரண்டு அட்மிஷன் சமமாகத் தோன்றினால், விடுதி அறை கிடைத்த ஊரை எடுங்கள். எந்த ஊரிலும் கிடைக்கவில்லையென்றால், முன்கூட்டியே கிளம்பி முதல் சில வாரத்துக்குப் பயணிகளுக்கான ஹாஸ்டலில் தங்கித் தேடும் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள். பொதுவாக ஹாஸ்டல் முகவரியில் பதிவு செய்ய முடியாது என்பதை நினைவில் வையுங்கள். செப்டம்பர் கடைசியில் எல்லாரும் வந்து இறங்கிய பிறகு தேடுவதைவிட மாதத் தொடக்கத்தில் தேடுவது எளிது. அறை கிடைத்ததும் அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார், வங்கி அட்டையும் வரி எண்ணும் திரும்பிப் போய்விடும்.

ஜூலை 15 வரை, ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை 4 மணிக்கு மேல் அலுவலகத்தில் இருப்பேன். அட்மிஷன் கடிதம், கல்விக்கடன் அனுமதிக் கடிதம் இரண்டையும் எடுத்துவாருங்கள், முடிந்தால் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துவாருங்கள். வாடகை ஒப்பந்தம் ஏதாவது வந்திருந்தால் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் போடாமல். பணம் அனுப்பாமல்.