பிரஷர் மாத்திரை தொடங்கும் பிள்ளைக்கு

கண்ணு, உனக்கு பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். நாற்பதுகூட ஆகாத பிள்ளைக்கு இதெல்லாம் ஏன் என்று அவளுக்கு ஒரே அழுகை. நீயோ அட்டையைப் பிரிக்காமலே மேசை மேல் வைத்திருக்கிறாயாம். அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகவே என் ஆயுசின் பெரும்பகுதி போயிற்று. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு எண்பது வயதிலும் வயலுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையோடு மல்லுக்கட்டி ஐம்பதில் படுக்கையில் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்களையும் அவர்களையும் பிரித்தது பெரும்பாலும் அவரவர் குணம்தான். அதனால்தான் பெரியம்மா உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உன் டாக்டர் பார்த்துக்கொள்வார். அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1. உடம்பு சொல்லட்டும் என்று காத்திராதே. இரத்தக் கொதிப்பு பெரும்பாலானவர்களுக்கு வலிக்காது, மயக்கம் தராது, தூக்கத்தையும் கெடுக்காது. சத்தமில்லாமல் மூளை, இதயம், சிறுநீரகம், கண் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். “நல்லாத்தானே இருக்கேன்னு மாத்திரையை நிறுத்திட்டாரும்மா” என்று, பக்கவாதம் வந்து கிடப்பவரின் கட்டில் ஓரத்தில் நின்று சொல்லும் மனைவிமாரை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கும் நாளில் போடுவதற்குத்தான் இந்த மாத்திரை.

2. இதை அவமானமாக நினைக்காதே. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அன்று அளந்த அழுத்தம் 300/190. அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்கே கொடுக்க அந்தக் காலத்தில் உருப்படியான மருந்து கிடையாது. நாலு வருஷம் கழித்து, 1949-ல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் நம் ஊர் சர்ப்பகந்தா வேரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராயப் போய், அதிலிருந்து கிடைத்த வழியில் கேப்டோப்ரில் பிறந்தது. 1981-ல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனாலாப்ரில் அதன் தம்பி. உன் மேசை மேல் கிடக்கும் அட்டைக்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது. அதை ஒளித்து வைத்துப் போடாதே. உன் மனைவிக்குத் தெரியட்டும், கூட வேலை செய்பவர் ஒருவருக்காவது தெரியட்டும்.

3. பொறுமையாக இரு. அம்லோடிபின் உடம்பில் நிலைக்கவே ஒரு வாரம் பிடிக்கும். டெல்மிசார்டன் தன் முழு வேலையையும் காட்ட நாலு வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே “இது எனக்குக் கேட்கலை” என்று டாக்டரை மாற்றுகிறவர், விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கிறவர். அதேபோல, “ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாது” என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதே. இந்த மாத்திரைகள் போதைபோலப் பழகிப்போவதில்லை. நோய் நீடிக்கிறது, அதனால் மருந்தும் நீடிக்கிறது. எடை குறைந்து, உப்பு குறைந்து, அளவும் இறங்கி நின்றால் டாக்டரே குறைப்பார். குறைக்கிற கை அவருடையதாக இருக்கட்டும்.

4. ஒரே நேரத்தில் போடு. பல் தேய்ப்பதோடோ காலைக் காப்பியோடோ சேர்த்துக்கொண்டால் மறதி வராது. மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்தபோது போடு. மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிடு. இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது, போடாமலே இருந்ததைவிட மோசம். ஒரு பள்ளி ஆசிரியர் ஐயப்பனுக்கு மாலை போட்டதும், விரதத்தில் மருந்து எதற்கு என்று மெட்டோப்ரோலாலை நிறுத்திவிட்டார். இருமுடியோடு மலை ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை டோலியில் இறக்கினார்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் இவற்றை நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். பக்தி உள்ளவர் மருந்தையும் பிரசாதம்போல வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், சாமி கோபிக்காது.

5. அளவு பார்க்கும்போது நேர்மையாகப் பார். காப்பி குடித்து, சிகரெட் பிடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வா. நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றாதே. கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பேசாதே. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடு. இரண்டையும் எழுதி வை, பிடித்ததை மட்டும் எழுதாதே. வீட்டில் எடுக்கும் அளவு பெரும்பாலும் 135/85-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஒரு நாள் 150 காட்டியதற்காக உயிர் போய்விடாது. மணிக்கு ஒரு தரம் பார்த்துப் பார்த்துப் பயந்தே அதை ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு.

இன்னொன்று. வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்றால் பிரஷர் மாத்திரையையும் போடாமல் வந்துவிடுகிறார்கள். அளவு எகிறி நிற்கும், டாக்டர் மருந்தைக் கூட்டுவார், ஒரு வாரம் கழித்துத் தலை சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். வேறுவிதமாகச் சொல்லாதவரை, அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டே போ. போடவில்லை என்றால் போடவில்லை என்று வாய்திறந்து சொல். டாக்டரிடம் மறைத்ததால் டாக்டருக்கு நஷ்டமில்லை.

6. வேறு எதைத் தின்றாலும் சொல். இதை நீ மனசில் ஆணியடித்து வைத்துக்கொள்ள வேண்டும். முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து, ஒரு பாட்டியை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். டெல்மிசார்டனும் நீர் பிரிக்கிற மாத்திரையும் சேர்ந்தது அவர் போட்டுவந்தது. ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று எத்தனை முறை கேட்டாலும் “ஒண்ணுமில்லை தாயி” என்பார். மூன்றாம் நாள் சேலை மாற்றிவிடும்போது அவருடைய சுருக்குப்பை என் கையில் வந்தது. வெற்றிலைக் காம்பு, பாக்குத் தூள், மடித்த பத்து ரூபாய், அதற்கடியில் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கிய டைக்ளோஃபினாக் அட்டை. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கியது, தினம் இரண்டு. “இது மருந்தில்லை தாயி, வலி மாத்திரை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வலி மாத்திரையும் மருந்துதான் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் எல்லாமே அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டனோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். காய்ச்சல், வலி என்றால் பாராசிட்டமால் பரவாயில்லையா என்று கேட்டு வாங்கு. மூக்கடைப்புக்குத் தரும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் அழுத்தத்தை ஏற்றும் சரக்கு இருக்கிறது. நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது என்றும் நினைக்காதே. இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் நாள்கணக்கில் தொடர்ந்தால் அழுத்தத்தை ஏற்றி, உடம்பின் பொட்டாசியத்தையும் இறக்கிவிடும். குடிப்பாய் என்றால் அதையும் சொல்லிவிடு. டாக்டர் முகத்தைச் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

7. அட்டையைப் படித்து வாங்கு. பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பேர். இரண்டு டாக்டரிடம் போய், இரண்டு பேரில் ஒரே டெல்மிசார்டனை வாங்கி இரண்டையும் போட்டவர்கள் உண்டு. பேரின் வாலில் ‘ஏஎம்’ என்றிருந்தால் பெரும்பாலும் அம்லோடிபினும், ‘எச்’ என்றிருந்தால் நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கும். வால் மாறினால் மருந்தே மாறிவிட்டது என்று அர்த்தம். டெல்மிசார்டன் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மொத்தமாகப் பிதுக்கி டப்பாவில் போட்டு வைக்காதே, போடும்போதுதான் பிரிக்க வேண்டும். ‘எக்ஸ்எல்’, ‘ரிடார்ட்’ என்று போட்ட மாத்திரைகளை உடைத்துப் பொடிக்காதே.

8. தொந்தரவு வந்தால் நிறுத்தாதே, சொல். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். சிறுநீரகம் போய்விட்டது என்று நடுங்க வேண்டாம், அளவையோ மருந்தையோ மாற்றினால் வடிந்துவிடும். எனாலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். சிரப் சிரப்பாகக் குடித்தும் போகாத இருமல், மாத்திரையை மாற்றியதும் போயிருக்கிறது. நெருங்கிய விஷயத்தில் தளர்ச்சி வந்தாலும் கூச்சப்படாமல் கேள். அதைச் சொல்ல வெட்கப்பட்டே மருந்தைக் கைவிட்ட ஆண்பிள்ளைகள் நிறையப் பேர். மாற்று மருந்து இருக்கிறது. உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் மட்டும் காத்திருக்காதே. அடுத்த மாத்திரையைத் தொடாமல் நேரே மருத்துவமனைக்கு ஓடு.

9. உன் மாத்திரை உனக்கு மட்டும். அக்கம்பக்கத்தில் அன்பாய்க் கேட்பார்கள், கொடுக்காதே. டெல்மிசார்டன், எனாலாப்ரில் வகைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கருவுற்றவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

10. உப்பில் ஏமாறாதே. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்னக் கரண்டி, அவ்வளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்துப்பு நல்லது என்று கிலோ கணக்கில் வாங்குகிறார்கள், அதுவும் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். டெல்மிசார்டன் போடுகிறவர்களுக்கு அது கூடிப்போனால் இதயத் துடிப்பே தடுமாறும். கேட்காமல் வாங்காதே. உன் சிறுநீரக அளவையும் பொட்டாசியத்தையும் டாக்டர் சொல்லும் கெடுவில் பார்த்துக்கொள்.

11. வாந்தி பேதி வந்த நாளில் வழக்கமான நாள்போல நடந்துகொள்ளாதே. நீர்ச்சத்து வற்றியிருக்கும்போது நீர் மாத்திரையும் டெல்மிசார்டனும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். உடனே போன் செய்து, இரண்டு நாள் நிறுத்தலாமா என்று கேள்.

12. பதறிப்போய் அவசரமாக இறக்காதே. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அளவு எகிறி வருபவர்களுக்கு நிஃபெடிபின் குளிகையை ஊசியால் குத்தி, மஞ்சள் சொட்டை நாக்கடியில் பிழிவது வழக்கம். அழுத்தம் கண்ணெதிரே சரசரவென்று இறங்கும், சுற்றி நிற்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அப்படி இறங்கியதாலேயே மூளைக்கு ரத்தம் போதாமல் பேச்சை இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று. தொண்ணூறுகளில் மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது. அதனால் வீட்டில் மிஷின் 180 காட்டினால் மாத்திரையை இரண்டாகப் போடாதே. உட்கார், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார், இறங்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடு. ஆனால் வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ அளவு பார்த்துக்கொண்டே நிற்க வேண்டாம், 108-க்குப் போன் செய். வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று வீட்டில் ஒருவர் குறித்து வைக்க வேண்டும்.

13. காசில்லை என்று நிறுத்தாதே. வேலை போகலாம், கை வறண்டு போகலாம், யாருக்கும் வரக்கூடியதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நம் பெண்களே வீடு தேடி வந்து அளவு பார்த்து மாத்திரை தருகிறார்கள். அரசு மாத்திரை என்று இளப்பமாகப் பேசாதே, உள்ளே இருப்பது அதே அம்லோடிபின்தான். வெயிலில் நடந்து வருகிற அந்தப் பெண்ணுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, போன தடவை தந்ததில் மிச்சம் எத்தனை இருக்கிறது என்பதை அட்டையோடு எடுத்துக் காட்டு. எந்த நாளெல்லாம் விட்டாய் என்பதையும் அவளிடமே சொல்லிவிடு.