வீட்டுக் கொல்லைக்கு ஏற்ற வாழை ரகங்கள்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் நெல்லுக்கு அடுத்தபடியாகக் குடியானவருடைய வீட்டுக்கு மிகுந்த உபயோகமளிப்பது வாழை. இலை, பூ, காய், பழம், தண்டு, நார் ஆகிய யாவும் பயன்படுவதால் அதில் வீணாவது ஒன்றுமில்லை. கிணற்றடியிலும் அடுக்களை ஜலம் ஓடும் வழியிலும் செழித்து வளருமாதலால் தனிப் பாசனச் செலவும் குறைவு. ஆயினும், சந்தையில் ருசித்த பழத்தின் பெயரை மட்டும் கேட்டுக் கன்று வாங்கி வருவோரே பலர். தகாத கன்று ஒரு வருஷத்து உழைப்பைப் போக்குவதோடு, கொல்லை மண்ணையும் பல வருஷங்களுக்குக் கெடுத்துவிடக் கூடும். ஆகையால் ரகத்தைத் தீர்மானிக்குமுன் மூன்று விஷயங்களை ஆலோசிக்க வேண்டும். கொல்லையில் தேங்கும் நீர் வடியுமா? குடும்பத்துக்கு முக்கியமாக வேண்டியது எது? அம்மண்ணில் முன்னர் வாழை வாடி மடிந்ததுண்டா?

நீர் வடிதல்

பாபநாசம் தாலுகாவின் வண்டல் மண் வாழைக்கு உகந்ததே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்ந்த கொல்லைகளில் நீர் நின்றுவிடுகிறது. வேர் அழுகிய பின் எந்த ரகமும் பிழைப்பதரிது. அத்தகைய இடங்களில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, வடிகால் வெட்டிய பிறகே நட வேண்டும்.

ரகங்களின் குணங்கள்

பூவன்: கொல்லைக்கு முதலாவதாகக் கருதத் தக்கது. பனாமா வாடல் நோயைத் தாங்கும் சக்தி இதற்கு உண்டு. தார் பெரிது, பழம் இனிப்பும் சிறு புளிப்பும் கலந்தது. இலையும் மென்மையாயிருப்பதால் பந்திக்கு ஏற்றது. எனினும், இலையை அடிக்கடி அறுத்தால் தார் சிறுக்குமாதலால், இலைக்கென ஒரு மரத்தைத் தனியே ஒதுக்குவது நலம்.

மொந்தன்: கறிக்கு உரியது. பழத்தைவிடக் காயும் இலையும் அதிகம் வேண்டும் குடும்பத்துக்கு ஏற்றது. வாடல் நோய்க்கு எளிதில் உள்ளாகும்.

ரஸ்தாளி: ருசியில் சிறந்தது, ஆனால் வாடல் நோய் மிக எளிதில் தாக்கும். கனிந்த பழங்கள் சீப்பிலிருந்து உதிர்வதும், சதையில் கட்டி விழுவதும் இதன் குறைகள். நோய் கண்டறியாத மண்ணில் மாத்திரம் நடலாம்.

கற்பூரவல்லி: மிகுந்த இனிப்புள்ளது, வறட்சியைத் தாங்கும். பலனுக்கு வர 14 முதல் 16 மாதம் செல்லும். மரம் உயரமாதலால் காற்றுக்கு முட்டுக்கொடுப்பது அவசியம். இதுவும் வாடல் நோய்க்குத் தப்பியதன்று.

ஒரே ரகத்தினால் வரும் கேடு

மத்திய அமெரிக்காவில் பெருந்தோட்டக்காரர்கள் ‘குரோ மிஷேல்’ என்ற ஒரே ரகத்தைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்து வந்தனர். பனாமா வாடல் நோய் அத்தோட்டங்களை அழித்தமையால், 1960-ம் வருஷத்தையொட்டி அந்த ரகத்தைக் கைவிட்டு, ‘கேவண்டிஷ்’ ரகத்துக்கு மாற நேர்ந்தது. பின்னர் அதே பூசணத்தின் வேறொரு வகை கேவண்டிஷையும் தாக்கத் தொடங்கிற்று. இப்பூசணம் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். அதைப் போக்கும் மருந்து இல்லை. ஆதலின் நாலைந்து மரங்கள் வைக்கும் கொல்லையிலும் இரண்டு மூன்று ரகங்கள் இருப்பதே பாதுகாப்பு.

கன்று தெரிந்தெடுத்தல்

நோயற்ற தாய்மரத்தின் அடியிலிருந்து, வாள் போன்ற குறுகிய இலையுள்ள ஈட்டிக் கன்றையே எடுக்க வேண்டும். அகன்ற இலையுள்ள நீர்க் கன்று உதவாது. கிழங்கை நறுக்கிப் பார்க்கையில் உட்புறம் செம்பழுப்பு வளையங்களோ புள்ளிகளோ தென்பட்டால் அது வாடல் நோயின் அடையாளம். அடியிலைகள் மஞ்சளித்து மரத்தைச் சுற்றித் தொங்குவதும், தண்டின் அடி வெடிப்பதும் அவ்வாறே. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்பின் அது முடிக்கொத்து நோய். இதை அசுவினிப் பூச்சி பரப்பும். இத்தகைய மரத்திலிருந்து கன்று எடுக்கலாகாது. மரத்தையே கிழங்கோடு பெயர்த்து அழித்துவிட வேண்டும்.

மேற்கூறிய நான்கு ரகங்களையும் நன்செய்ப் பகுதியில் மாசி, பங்குனி மாதங்களில் நடலாம். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியும், மரத்துக்கு மரம் 7 அடி இடைவெளியும் வேண்டும்.

சங்கத்தின் கடமை

இப்பிரதேசம் வாழை ஆராய்ச்சிக்குப் புதியதன்று. 1949-ல் அருகிலுள்ள ஆடுதுறையில் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1993-ல் திருச்சிராப்பள்ளியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தொடங்கிற்று. இருப்பினும் கொல்லைக் கன்று அண்டை வீட்டிலிருந்து வருவதே வழக்கம். அன்பாகக் கொடுக்கும் கன்றோடு நோயும் வேலி தாண்டுகிறது. ஒரு வீட்டார் மாத்திரம் எச்சரிக்கையாயிருப்பதால் தெரு பிழைக்காது.

ஆகவே சங்க அங்கத்தினர்கள் கூடி, எந்தக் கொல்லையில் எந்த ரகம் நிற்கிறது, எங்கே வாடல் கண்டது என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைப்பது சிலாக்கியம். நோயற்ற தாய்மரங்களை அடையாளமிட்டு, அவற்றின் கன்றுகளையே பகிர்ந்துகொள்ளலாம். வாடல் கண்ட கொல்லைக்குப் பூவனையும், மற்றவற்றுக்கு விருப்பமான ரகங்களையும் வகுத்துக்கொண்டால், ஒரு வீட்டின் நஷ்டம் ஊரின் நஷ்டமாகாமல் காக்கலாம்.