காலியாய் நிற்கும் கட்டங்கள்

கணிப்பொறியில் பாட்டுகள் உள்ள கோப்புறையைத் திறக்கிறோம். கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் தெரிகின்றன. பாடியவர், தொகுப்பு, ஆண்டு என்னும் கட்டங்களோ காலியாய் நிற்கின்றன. விவரம் அழிந்துவிட்டதோ என்று கலங்குவோர் பலர். உண்மை என்ன என்று பார்ப்போம்.

ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயர் உறைமேல் எழுதிய விலாசம் போன்றது. பாடியவரின் பெயரோ உறைக்குள் இருக்கும் கடிதத்தில் உள்ளது. விலாசத்தை மாற்றி எழுதினால் கடிதம் மாறாது. அதுபோலவே, கோப்பின் பெயரை மாற்றினாலும் காலிக் கட்டம் நிரம்பாது.

எம்.பி.3 கோப்புகளில் இவ்விவரங்களை எழுத, 1996-ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பவர் ஐ.டி.3 என்னும் முறையை வகுத்தார். கோப்பின் கடைசி 128 பைட்டுகளே அதற்குரிய இடம். அதில் தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4 பைட்டுகள். இன்றைய யு.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு வேண்டும். ஆகவே 30 பைட்டில் 10 குறிகளே அடங்கும்! 1998-இல் வந்த இரண்டாம் முறை, கோப்பின் தொடக்கத்தில் நீண்ட விவரத்திற்கும் இடம் தந்தது.

கட்டமே தோன்றாவிட்டால், விண்டோஸில் தலைப்பு வரிசைமேல் வலப்பொத்தானை அழுத்தி, வேண்டிய கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டம் இருந்தும் காலியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, விவரத்தை யாரும் எழுதவில்லை. மற்றொன்று, எழுதியிருந்தும் அவ்வகைக் கோப்பைப் படிக்கக் கோப்பு மேலாளருக்குத் தெரியவில்லை.

எது என்று எப்படி அறிவது? அதே பாட்டை வி.எல்.சி. செயலியில் திறந்து, கன்ட்ரோல் விசையோடு ஐ விசையை அழுத்துங்கள். அங்கே பாடியவர் பெயர் தோன்றினால் விவரம் பத்திரமாய் உள்ளது, குறை மேலாளரிடமே. அங்கும் காலி என்றால் நாமே எழுதிச் சேமிக்கலாம்.

இது சிறு வேலைதான். ஆனால் பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்து, பெயரில்லாமல் விட்டுவிட்டால், இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்குரல் யாருடையது என்று யார் சொல்வார்? கணிப்பொறி குரலைக் காக்கும். பெயரை நாம்தான் எழுத வேண்டும். ஆகையால் தோழியரே, பதிவு செய்த அன்றே பாடியவர் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்போம்.